தராசு வருமுன் வீட்டுக்கு அளந்து வையுங்கள்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது பழமொழி. இன்றைய உழவர்கள் கணக்குப் பார்க்கத் தவறுவதில்லை. விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, மகசூல் எத்தனை மூட்டை என்று விரல் விட்டுச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கணக்கை மட்டும் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. நம் களத்திலிருந்து மலிவாகப் போன பொருள் மளிகைக் கடை வழியாக நம் அடுப்படிக்கே என்ன விலையில் திரும்பி வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு.

இதில் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் பங்கு உண்டு. ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்று கேட்டோம். அடுப்புக்கு எத்தனை படி என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு மளிகைக் கடைப் பற்று நோட்டு.

நோட்டுப் புத்தகம் சொன்ன கதை

திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கத்தில் ஒரு கிராமம். மாசி மாதம். துவரைப் பயிரைப் பார்க்கப் போயிருந்தேன். கணவன், மனைவி, மாமியார், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். நிலம் இரண்டரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் ஆடிப் பட்டத்து நிலக்கடலையும் ஊடுபயிராகத் துவரையும் போடுகிறார்கள். கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு ஏக்கரில் சம்பா நெல், அதன் பின் உளுந்து.

நான் போன அன்றுதான் துவரையை விற்று முடித்திருந்தார்கள். 150 கிலோ, கிலோ 70 ரூபாய் வீதம் 10,500 ரூபாய். களத்து மேட்டுக்கே வந்து வியாபாரி அளந்து கொண்டு போய்விட்டார். ‘ஏன் இத்தனை அவசரம்?’ என்று கேட்டேன். குடும்பத் தலைவர் ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடைப் பற்று. இடையிடையே கொடுத்தது போக நின்ற பாக்கி 10,400 ரூபாய். துவரை விற்ற பணத்தில் கையில் மிஞ்சியது நூறு ரூபாய்.

திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டை வரி வரியாகப் படித்தோம். பத்து மாதத்தில் துவரம் பருப்பு மட்டும் 20 கிலோ. எண்ணெய் 26 லிட்டர். நடவு, களை, அறுவடை நாட்களில் வாரம் மூன்று கிலோ இட்லி மாவுப் பாக்கெட். சாம்பார்ப் பொடி, பிஸ்கட், சிப்ஸ். துவரையை விற்ற பணம், துவரம் பருப்பு வாங்கிய கடனுக்கும் சேர்த்துத்தான் போயிருக்கிறது.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2022-23 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 46 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 5 ரூபாய் அளவே. பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு 9 ரூபாய் 60 காசு. அதாவது சோற்றுக்கு ஆகும் செலவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பாக்கெட்டுகளுக்கும் கடைப் பலகாரத்துக்கும் ஆகிறது.

அந்த அம்மா கேட்ட கேள்வி

‘இவ்வளவையும் நீங்களே வீட்டில் செய்து கொள்ளலாமே அம்மா’ என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மையார் சிரித்துக் கொண்டே கேட்டார்: ‘காலையில ஏழு மணிக்கு நடவுக்குப் போனா வீடு திரும்ப சாயந்திரம் ஆயிடுது சார். மாடு கறக்கணும், தண்ணி பிடிக்கணும், சோறாக்கணும். அப்புறம் எப்ப மாவாட்டுறது, எப்ப பருப்பு உடைக்கிறது?’

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுச் சமையலால் பணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சம் முழுவதும் ஒருத்தியின் தூக்கத்திலிருந்து வந்தால் அதற்கு மிச்சம் என்று பெயர் இல்லை. ஆகவே எந்த வேலைக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று பார்த்து, மிச்சம் அதிகமாகவும் உழைப்பு குறைவாகவும் உள்ளதை முதலில் எடுத்துக் கொள்ள வேண்டும். அன்று நாங்கள் போட்ட கணக்கைக் கீழே தருகிறேன். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். அளவுகளை வைத்துக் கொண்டு உங்கள் சந்தை விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில் மாவு

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து இரண்டையும் ஊற வைத்து அரைத்தால் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். அப்படியானால் கடையில் வாங்கும் மாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்தக் கிராமத்தில் மாவு கிலோ 40 ரூபாய். மூன்று கிலோவுக்கு 120 ரூபாய். வீட்டில் அரைத்தால், மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த உளுந்தின் ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7,800 ரூபாயை வைத்துப் பார்த்தாலும், கால் கிலோ உளுந்துக்கு 20 ரூபாய்தான். அரிசியை கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினாலும் மொத்தம் 60 ரூபாய். சொந்த நெல்லின் புழுங்கல் அரிசியோ நியாய விலைக் கடை அரிசியோ இருந்தால் கையிலிருந்து போகும் ரொக்கம் அதிலும் குறைவு. உப்பு, வெந்தயம், மின்சாரம் எல்லாம் சில ரூபாய்களே. ஆக ஒரு தடவை அரைப்பதில் 60 முதல் 90 ரூபாய் வரை மிச்சம். கழுவி வைப்பது உட்பட ஒரு மணி நேர வேலை.

அந்த வீட்டில் கிரைண்டர் இல்லையா என்றால், இருந்தது. 2011 ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்தது. பெல்ட் அறுந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. புதிய பெல்ட் போட்டால் ஓடக் கூடிய இயந்திரம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள்.

இன்னொன்று. கிரைண்டரில் மாவு ஆட்டுவது பெண்கள்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காலையில் ஊறப் போட்டதை மாலையில் ஆட்டி எடுக்க ஆண்களாலும் முடியும். அதைச் சொன்னபோது மாமியார்தான் முதலில் தலையாட்டினார்.

உளுந்தைப் பற்றி ஒரு குறிப்பு. கறுப்புத் தோலோடு உள்ள உளுந்தை ஊற வைத்துத் தோல் களைந்து பயன்படுத்தினால் வெள்ளை உளுந்து வாங்க வேண்டியதில்லை. புதிய உளுந்து நன்றாகப் பொங்கி வரும். பழசாக ஆகப் பொங்குதல் குறையும். ஆகவே ஓராண்டுத் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம்.

இரண்டாவது எண்ணெய்

நிலக்கடலை விளைவிக்கும் வீடு எண்ணெய் பாக்கெட் வாங்குவது, ஊற்று உள்ள கிணற்றடியில் நின்று தண்ணீர் விலைக்கு வாங்குவது போல. 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு வரும். அதைச் செக்கில் ஆட்டினால் 28 கிலோ எண்ணெயும் 40 கிலோவுக்குக் குறையாமல் புண்ணாக்கும் கிடைக்கும். ஒரு கிலோ எண்ணெய் என்பது லிட்டர் கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர் 100 மில்லி.

லாபமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. காயை விற்றால் வரும் தொகையோடு ஆட்டுக் கூலியைக் கூட்டுங்கள். அதிலிருந்து புண்ணாக்கின் விலையைக் கழியுங்கள். மீதியை எண்ணெயின் லிட்டரால் வகுத்தால் ஒரு லிட்டரின் அடக்க விலை தெரியும். அந்தக் குடும்பத்தின் கணக்கில் காய் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதை வைத்து, லிட்டர் 160 ரூபாய்க்குள் அடங்கியது. கடையில் கடலை எண்ணெய் அதைவிட 30 ரூபாய் கூடுதல். புண்ணாக்கு வீட்டு மாட்டுக்கே போய்விடும் என்பதால் தீவனத்துக்கும் கடன் சொல்ல வேண்டாம்.

ஆண்டு முழுவதுக்கும் ஒரே தடவையாக ஆட்டி வைக்க வேண்டாம். எண்ணெய் நாளடைவில் காறல் வாடை அடிக்கும். காயாகவே பாதுகாத்து, நான்கு மாதத்துக்கு ஒரு முறை உடைத்து ஆட்டுவது நல்லது. எண்ணெயைத் தெளிய வைத்து, வெளிச்சம் படாத இடத்தில் மூடி வைக்கவும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பூசணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ‘வீட்டு உபயோகத்துக்குத்தானே’ என்று கழிவுப் பருப்பை ஆட்டுவது பெரும் தவறு. ஈரக் கடலையில் வளரும் ஒரு வகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். அத்தகைய புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த நச்சு இறங்கும். விற்பதற்கு நல்லது, வீட்டுக்குச் சொத்தை என்ற பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

எண்ணெய் சொந்தமானது என்பதற்காகத் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதுமானது. ஐந்து பேருக்கு மாதம் 4 கிலோ என்பதே உச்ச அளவு.

மூன்றாவது பருப்பு

துவரையில் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். 100 கிலோ துவரையை உடைத்தால் 65 முதல் 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதாவது ஒரு கிலோ பருப்புக்கு ஒன்றரை கிலோ துவரை போகிறது. அந்தக் குடும்பம் விற்ற 70 ரூபாய் விலைப்படி ஒரு கிலோ பருப்பின் அடக்கம் 105 ரூபாய்க்கு மேல். கடையில் அது 130 ரூபாய். 2025-26 பருவத்தின் ஆதரவு விலையான கிலோ 80 ரூபாய் கிடைத்திருந்தால் வித்தியாசம் மேலும் குறைந்திருக்கும். உடைப்பதற்கோ ஒரு நாள் உழைப்பு வேண்டும். ஆகவே நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் துவரையை விற்று, விற்ற அன்றே அந்த ரொக்கத்தில் ஆண்டுக்கான பருப்பை மொத்தமாக வாங்கி வைப்பதும் சரியான வழியே. தவறு எங்கே என்றால், துவரையை மாசியில் விற்றுவிட்டுப் பருப்பை மாதா மாதம் பற்றில் வாங்குவதில்தான். பல கடைகளில் ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை.

வீட்டில் உடைக்க விரும்புவோர் பழைய முறையையே பின்பற்றலாம். துவரையைச் சில மணி நேரம் ஊற வைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, பின் நல்ல வெயிலில் காய வைத்து, மண்ணைப் புடைத்து நீக்கித் திருகையில் உடைப்பது நம் தாய்மார்கள் அறிந்ததே. இப்படிச் செம்மண் கட்டிய பருப்பு வேகச் சற்று நேரமாகும் என்பதால் அரை மணி நேரம் ஊற வைத்துச் சமைக்கவும். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தால் சிறு பருப்பு இயந்திரம் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே சிறிய இயந்திரங்களை வடிவமைத்துள்ளது. மகளிர் குழுக்கள் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் கேட்கலாம்.

நியாய விலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பையும் பாமாயிலையும் தவறாமல் வாங்குங்கள். அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது. இவை போக மீதித் தேவைக்குத்தான் நாம் நிலத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.

எவ்வளவு எடுத்து வைப்பது?

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓராண்டுக்கு ஏறக்குறைய இந்த அளவு போதும்.

துவரை: 28 கிலோ. இதிலிருந்து 18 கிலோ பருப்பு வரும். நியாய விலைக் கடைப் பருப்போடு சேர்த்தால் மாதம் இரண்டரை கிலோ ஆகும்.

உளுந்து: 18 கிலோ. வாரம் ஒரு தடவை மாவுக்குக் கால் கிலோ வீதம் 13 கிலோ. மீதி தாளிப்புக்கும் பண்டிகைக்கும்.

நிலக்கடலைக் காய்: 120 கிலோ. எண்ணெய்க்கு 110 கிலோ, பிள்ளைகளின் தின்பண்டத்துக்கும் சட்னிக்கும் 10 கிலோ.

விதைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைக்கவும். மருந்து கலந்த விதையை எக்காரணம் கொண்டும் உலையில் போடக் கூடாது.

கேழ்வரகு, கம்பு போடுகிறவர்கள் அதிலும் ஒரு பங்கை நிறுத்திக் கொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிக்காது. நீண்ட நாள் கெடாமல் இருக்கும். கம்பு மாவு மட்டும் சில நாட்களிலேயே கசந்துவிடும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாருங்கள்.

காய வைத்தால்தான் கைக்கு மிஞ்சும்

எடுத்து வைத்ததை வண்டுக்குக் கொடுத்தால் எல்லாக் கணக்கும் வீண். பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை. வயலில் காய் முற்றும்போதே வண்டு முட்டையிட்டுவிடுகிறது. களத்திலிருந்து மூட்டையோடு வீட்டுக்கு வந்து பெருகுகிறது. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி போல ஒட்டிக் கொண்டிருப்பது அதன் முட்டைதான்.

ஆகவே அடித்துத் தூற்றிய கையோடு மெல்லிய பரப்பாகப் பரப்பி நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். பயறு வகைகளில் ஈரம் 10 சதவிகிதத்துக்கும், நிலக்கடலைக் காயில் 8 சதவிகிதத்துக்கும் மேல் இருத்தல் கூடாது. அளக்கக் கருவி இல்லையென்றால், பயறைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். கடலைக் காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். காய்ந்ததைச் சூட்டோடு அடைக்காமல் ஆற விட்டு, பிறகு மூடி உள்ள டிரம்மில் கொட்டி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் வைக்கவும்.

முழுப் பயறாக வைப்பதானால் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெயைப் பிசறி வைத்தால் வண்டின் முட்டை பொரிப்பது தடைப்படும். பருப்பாக உடைத்து வைத்தால் வண்டுத் தாக்குதல் குறைவு. தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டுகள் தாமே வந்து விழும் துளைக் குழாய்ப் பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. மாதம் ஒரு முறை கையை விட்டுப் பார்ப்பதும் அவசியம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அது வெளிவிடும் வாயு உறங்குகிறவர்களைக் கொன்றுவிடும். சில கிலோ உளுந்துக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

அடுப்பில் மிச்சம்

சமைக்கும் முறையிலும் பணம் இருக்கிறது. பருப்பையும் பயறையும் ஊற வைத்து, மூடி போட்டு, முடிந்தால் பிரஷர் குக்கரில் வேக வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற நீர் பெருந்தீயிலும் சிறுதீயிலும் ஒரே சூட்டில்தான் இருக்கும். புளி, தக்காளி முதலியவற்றைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்கவும். முன்னால் சேர்த்தால் வேக நேரமாகும். உப்புக் கடுப்பு உள்ள ஆழ்குழாய்த் தண்ணீரிலும் பருப்பு வேகாது. பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் பருப்புக்கு அதையே வையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடுவது ‘பி’ வைட்டமினை அழிக்கும்.

சோற்றில் வடித்த கஞ்சியோடும் ‘பி’ வைட்டமின் போய்விடுகிறது. வடிக்காமல் பொங்குவது சிறந்தது. வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம். இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்த பழையது காலை உணவுக்குக் குறைந்ததல்ல. பிள்ளைகளுக்குச் சிப்ஸ் வாங்கும் காசுக்கு, வீட்டுக் கடலையையும் வெல்லத்தையும் உருட்டிக் கொடுத்தால் வயிறும் நிறையும், புரதமும் கிடைக்கும்.

மறு ஆண்டு பார்த்தது

அடுத்த பங்குனியில் அதே வீட்டுக்குப் போனேன். சித்திரையில் உளுந்தும், ஐப்பசியில் கடலையும், தையில் துவரையும் எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. உளுந்தை இன்னும் ஒரு வெயில் காய வைத்திருக்க வேண்டும். மூன்று கிலோ வண்டு அரித்துவிட்டது. நடவு வாரங்களில் இரண்டு மூன்று தடவை மாவுப் பாக்கெட் வாங்கினார்கள். துவரையைத் திருகையில் உடைக்க நேரமில்லாமல் பக்கத்து ஊர் மில்லில் கொடுத்தார்கள்.

பற்று நோட்டைக் கேட்டேன். பாக்கி நாலாயிரத்துக்கும் கீழே. ‘அப்படியானால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமா சார்?’ என்று குடும்பத் தலைவர் ஆவலோடு கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். விற்காமல் நிறுத்திய கடலையும் துவரையும் விற்றிருந்தால் அதுவும் பணம்தானே! அதைக் கழித்துப் பார்த்தால் உண்மையான மிச்சம் நான்காயிரம் ரூபாய் அளவுக்கு வந்தது. அதில் பாதிக்கு மேல் மாவில் மிஞ்சியது.

ஆனால் நோட்டில் எழுதப்படாத ஒரு லாபமும் இருந்தது. கடைக்காரர் நெருக்காததால் அந்த ஆண்டு துவரையைக் களத்து மேட்டில் விற்கவில்லை. காய வைத்து, சுத்தம் செய்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கடன் இல்லாதவன் விலை பேசலாம். கடன் உள்ளவன் விலையைக் கேட்டுக் கொள்ள மட்டுமே முடியும்.

கிளம்பும்போது அந்த அம்மையார் சொன்னார்: ‘இப்ப புதன்கிழமை மாவாட்டுறது அவரு வேலை சார். உப்பு மட்டும் நான்தான் போடணும். அவரு போட்டா இட்லியை வாயில வைக்க முடியாது.’

உழவர் பெருமக்களே, இந்த ஆண்டு அறுவடைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள மளிகைப் பற்று நோட்டை எடுத்து, உங்கள் நிலத்தில் விளையும் பொருள்கள் எத்தனை அதில் இருக்கின்றன என்று கோடிட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். எது செய்ய முடியும், எது முடியாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வேலையைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். பிறகு களத்தில் குவியல் விழுந்ததும், வியாபாரியின் தராசு வருமுன், வீட்டுப் படியால் முதலில் வீட்டுக்கு அளந்து வையுங்கள்.